நாச்சிமுத்து அண்ணனும் ஹெட்போனுக்கு வைத்த ஆம்பும்

செய்தி வந்தபோது என் காது அடைத்திருந்தது. கல்பாத்தியில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தலையில் ஹெட்போன், வெளிச்சத்தத்தை அடக்கும் பொத்தானையும் போட்டிருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்திருக்கிறது. என் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் எட்டவில்லை. கடைசியில் அவளே வந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மைக்செட்டு அண்ணன் போயிட்டாருங்களாம்" என்றாள். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்மேல் வருமே, அந்தக் கோபம்.

எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு நாச்சிமுத்து அண்ணனை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் தாலி ஏறிய நேரத்து மேளம் அவருடைய பெட்டிகள் வழியாகத்தான் தெருமுனை வரை போனது. நான் வீடியோ எடுப்பவன், அவர் மைக்செட் போடுபவர். ஒரே மேடையை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளும் தொழில். மாமியார் மருமகள் உறவுதான் எங்களுடையது. முதல் நாளே சண்டை. அவருடைய ஸ்பீக்கர் பெட்டி மணப்பெண்ணின் பாதி முகத்தை மறைத்தது. தள்ளி வையுங்கள் என்றேன்.

"ஏனுங்க போட்டாக்காரரே, உங்க படத்த அடுத்த மாசந்தான் பாப்பாங்க. என்ற சத்தத்த இப்பவே கேக்கோணுமுங்க" என்றார். நான் முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை நகர்த்தினார். அதோடு விடாமல் என் காமிராவுக்கும் தம்முடைய மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் செருகி, "இனி உங்க படத்துக்கும் உசுரு வந்துருமுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் இல்லாத கல்யாணத்தில் எனக்குக் கை ஓடாது.

அவருடைய ஒரே மதம் ஆம்ப்ளிஃபயர். அந்த முழுப்பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. செல்லப்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி 'ஆம்பு' என்பார். "ஆம்பு இல்லாத பாட்டு உப்பு போடாத கஞ்சிங்க" என்பது அவர் வாக்கு. டி.வி.க்கு ஒரு ஆம்பு, காரில் ஒரு ஆம்பு. விட்டால் சேவல் கூவுவதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

இத்தனை சத்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் குரலே எழும்பாது. காரணம் அவருடைய மகள் சுகந்தி. அவளுக்குக் காது கேட்பதில் குறையில்லை. நமக்குச் சத்தமாக வருவது அவளுக்கு வலியாக வரும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு குக்கர் விசிலடித்தால் இவள் இங்கே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கோயமுத்தூர் டாக்டர்கள் பெயர் சொன்னார்கள், மருந்து சொல்லவில்லை. அண்ணன் தம்முடைய பெட்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புச் சாளைக்கு, தோட்டத்துக் குடிசைக்கு, மாற்றினார். 'ஹலோ, மைக் டெஸ்ட்' எல்லாம் தென்னை மரங்களுக்குத்தான். வீட்டில் குக்கர் கிடையாது. மிக்சி ஓடுவதென்றால் சுகந்தி பின்கட்டுக்குப் போன பிறகுதான்.

அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். நல்ல கைத்திறன். அந்த மெஷின் கடகடவென்று ஓடுகிறதே, அது வலிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். "அது நான் ஓட்டறது சித்தப்பா. எப்ப ஓடும், எப்ப நிக்குமுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று அப்போது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

பிறகு மகன் பிரபுவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. பிரபு சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். மூணாறில் ஒரு ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்த பெண்ணைப் பிடித்துப்போய், தேயிலை எஸ்டேட் குடும்பத்துக்குள் மாப்பிள்ளையாகப் போய் நின்றான். இரண்டு பக்கமும் சம்மதம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் முகூர்த்தம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையோடு அவன் பக்கத்தில் நிற்க, மேளம் முழங்கச் சீர் செய்வார்கள். எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த பெண்ணின் அம்மாவுக்கு இது புதிது. "மாப்ளைக்குக் கூடப்பொறந்தவ இல்லாட்டி என்ன செய்வீக?" என்று கேட்டார். பெரியப்பா மகளை நிறுத்துவோம் என்றார் அண்ணி. "இங்கதான் இருக்கே தங்கமாட்டம் ஒரு தங்கச்சி! பெறகு எதுக்கு ஆளு தேடுதீக?" என்றார் அந்த அம்மாள். சுகந்தி அதுவரை ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை.

அண்ணன் மறுநாள் என் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தார். "மைக்செட்டே வேண்டாமுன்னு வெச்சர்லாமுங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசாப்புக்கடைக்காரர் மகன் கல்யாணத்தில் சைவச் சாப்பாடு போட்ட மாதிரி ஊர் சிரிக்கும். ஊர் சிரிப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மகளிடம் சொல்லியும் பார்த்துவிட்டாராம். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்காவ ஊரே வாய மூட வேண்டாமுங்கப்பா. பெரியப்பா ஊட்டு அக்காவயே நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "பெத்த புள்ள ஊட்டுல உக்காந்து தெச்சிட்டு இருக்கும், நான் மண்டபத்துல பாட்டு போட்டுட்டு இருப்பனுங்களா?"

நான் என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, பொத்தானை அமுக்கினேன். கடையின் பழைய ஃபேன் சத்தம் அடங்கியதும் அவர் அண்ணாந்து பார்த்தார், ஃபேன் நின்றுவிட்டதா என்று! சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "அட எங்கப்பனே! இதென்னுங்க மாயம்?" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று மாலையே அது சுகந்தியின் தலையில் இருந்தது. முதல் முறையாக அவள் உட்கார்ந்திருக்கும்போதே மிக்சி ஓடியது. அவள் சிரித்தாள். அண்ணி மிக்சியை நிறுத்தாமல் சட்னியைக் கூழாக்கிவிட்டார்.

ஆனால் நான் சந்தோஷத்தில் சேர்ந்து துள்ளிவிட்டேனே தவிர, இந்தச் சாதனத்தின் எல்லை எனக்குத் தெரியும். ஃபேன், மோட்டார், வண்டி எஞ்சின் என்று ஒரே சீராக ஓடும் சத்தத்தை அது விழுங்கிவிடும். திடீரென்று வெடிக்கிற சத்தத்திடம் அதன் பருப்பு வேகாது. கையைத் தட்டிக் காட்டினேன், சுகந்தி சுருங்கிப்போனாள். கெட்டிமேளத்தை என்ன செய்வது? உள்ளே வேறு ஏதாவது ஓடவிட்டு அதை மறைக்கலாம் என்று முடிவானது. என்ன வேண்டும் என்று கேட்டேன். பாட்டு வேண்டாம், தன் தையல் மெஷின் சத்தத்தைப் பதிந்து தரச் சொன்னாள். பதிந்து கொடுத்தேன்.

அண்ணனின் மதம் இங்கேதான் தலைகாட்டியது. "இதுக்கு ஒரு ஆம்பு வெக்கோணுமுங்க" என்றார்.

வேண்டாம் என்றேன். கேட்பாரா? போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே வைக்க, உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைத் தாமே செய்துகொண்டு வந்துவிட்டார். இந்த நம்பிக்கையை அவருக்கு ஊட்டியது என் ஸ்டுடியோதான். வீடியோ வேலைக்கு நான் வைத்திருக்கும் பெரிய வயர் ஹெட்போன் போனில் செருகினால் முனகும். தனி ஆம்ப் வைத்தால்தான் கண் திறக்கும். அதை அவர் கேட்டிருக்கிறார். நான் விளக்கினேன். அந்த ஹெட்போனுக்குள் ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து தள்ள வேண்டும். சுகந்திக்குக் கொடுத்த இதற்குள்ளோ பேட்டரியும் ஆம்பும் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் எதைக் கொடுத்தாலும் அதை இது தன் கணக்குப்படி மாற்றி, தன் ஆம்ப் வழியாகத்தான் காதுக்கு விடும். வயர் இல்லாமல் கேட்டால் நம் பெட்டிக்கு வழியே கிடையாது. சுவிட்சை அணைத்துவிட்டு வயரில் கேட்டால் நம் ஆம்ப் நேராகத் தள்ளும்தான், ஆனால் சத்தத்தை அடக்கும் வேலையும் அதோடு நின்றுபோகும்.

"உள்ள இருக்கறது கொசு ஆம்புங்க. கொசு கெட்டிமேளத்த தாங்குமுங்களா?" என்றார்.

"தாங்காதுதான். அதன் தலையில் யானையை ஏற்றினாலும் தாங்காது" என்றேன்.

அவர் விடவில்லை. "கெட்டிமேளம் எதுக்குக் கொட்டறாங்க, சொல்லுங்க பாக்கலாம். தாலி ஏறற நேரத்துல தும்மலோ அபசகுனமோ காதுல உழுகக்கூடாதுன்னுதானுங்க? உங்க நாய்ஸ் கேன்சலை நம்ம தாத்தமாரு அப்பவே கண்டுபுடிச்சிட்டாங்க! சத்தத்த மூடறதுக்குப் பெரிய சத்தம். பெரிய சத்தத்துக்கு ஆம்பு!" என்றார். இன்றைக்கும் அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினால் சிரிப்புதான் வருகிறது.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானமானது. கல்யாணம் இல்லாத ஒரு பகலில் காலி மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். பெரிய பெட்டிகளில் தவில் பதிவை மெல்ல ஓடவிட்டோம். சுகந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நடுவே ஒரு ஜமுக்காளத்தைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் நான் வயரை மாற்றி மாற்றிச் செருகினேன், ஒருமுறை ஆம்ப் வழியாக, ஒருமுறை நேராக. ஆம்ப் வந்த ஒவ்வொரு முறையும் சுகந்தி கையைத் தூக்கினாள். "இது வேண்டாமுங்க. இதுல அடியில 'ஸ்ஸ்'னு ஒண்ணு இருந்துட்டே இருக்குது" என்றாள். எனக்கு அந்த 'ஸ்ஸ்' கேட்கவே இல்லை. அண்ணனுக்கும்தான்.

"எனக்கு மாட்டுங்க" என்றார் அவர். மாட்டினேன். முதல் தடவையிலேயே ஆம்பைச் சரியாகச் சொன்னார்! நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் ஆம்ப் வழியாக வந்தது கொஞ்சம் உரக்க இருந்தது, அதுதான் சூட்சுமம். காமிரா மைக்கை ஹெட்போன் குழிக்குள் வைத்து, இரண்டு வழியிலும் சத்தம் ஒரே அளவுக்கு வரும்படி செய்துவிட்டு மறுபடியும் கேட்கவைத்தேன். இது ஆம்பு என்றார், இல்லை. இது நேரா வந்தது என்றார், அதுவும் இல்லை. பிறகு சொன்னதெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிந்த கதை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் பயந்துபோனேன். வாழ்நாள் முழுக்க நம்பிய சாமியை நான் கல் என்று காட்டிவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அவர் முகம் விரிந்தது பாருங்கள்! "அட! நான் தோத்துட்டனுங்க! சுத்தமாத் தோத்துட்டனுங்க!" என்று துள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். வாட்ச்மேனைப் பிடித்துச் சொன்னார், சாலையில் போன கள்ளுக்காரரை நிறுத்திச் சொன்னார். "ஆம்பு வேண்டாத ஒரு சாமான் இருக்குதுங்க! இத்தன நாளு எனக்குத் தெரியாமப் போச்சு!" தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவர் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அம்மிணி, ஏத்தறதெல்லாம் ஏத்திப் பாத்துட்டன். உனக்கு என்னதான் வேணும், நீயே சொல்லு சாமி" என்றார். அப்படி நேராக அவளை அதுவரை நாங்கள் யாருமே கேட்டதில்லை. சுகந்தி சொன்னாள், "மேளம் எப்ப வெடிக்குமுன்னு தெரியாம காத்துட்டு இருக்கறதுதானுங்கப்பா ஆவறதில்ல. தெரிஞ்சா தாங்கிக்குவனுங்க."

அண்ணன் துள்ளி எழுந்தார். மண்டபத்தின் இரண்டு பெரிய பெட்டிகளையும் கழற்றச் சொன்னார். அவற்றுக்குப் பதில் சிறு பெட்டிகளைத் தூணுக்குத் தூண் மாட்டி, எல்லாவற்றையும் பேச்சுக்குரல் அளவில் வைத்தார். தவிலுக்கு மைக் கிடையாது என்றார். பிறகு மேளக்காரரைப் போய்ப் பார்த்தார். "கெட்டிமேளத்துக்கு ஐயரு சொன்னாலும் கொட்டாதீங்க, நான் சொன்னாலும் கொட்டாதீங்க. என்ற புள்ள கை தூக்குனாத்தான் கொட்டோணும்" என்றார். மேளக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குத் தங்கச்சிதானுங்களே, உரிமைதான்" என்று ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று சுகந்தி வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, அதற்கு மேலே ஹெட்போன். அவளுடைய மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, ஆம்ப் கிடையாது. எஸ்டேட் சம்பந்தியம்மாள் ஓடிவந்து கன்னத்தை வழித்து, "எங்க மருமவனுக்கு வாச்ச தங்கச்சியப் பாருங்கடி" என்றார். கூறைச்சேலைக் கூடையை ஏந்தி அவள் அண்ணன் பக்கத்தில் நின்றாள். இணைச்சீர் நிறைந்தது. முகூர்த்தம் வந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு மேளக்காரரைப் பார்த்தார். மேளக்காரர் சுகந்தியைப் பார்த்தார். மண்டபமே சுகந்தியைப் பார்த்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். கொட்டியது பாருங்கள் கெட்டிமேளம்! அவள் கண்ணை மூடவில்லை. தோள் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள், சிரித்துக்கொண்டு!

என் தொழிலில் அந்த நொடியில் காமிரா தாலியில் இருக்க வேண்டும். அது எங்கள் வேதம். நான் அதை மீறினேன். சுகந்தியின் முகம் சரியாகத் தெரியும் இடம் அண்ணனுடைய மிக்சருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே போய் நின்று அவளையே எடுத்துக்கொண்டிருந்துவிட்டேன். பிரபுவின் கல்யாண வீடியோவில் தாலி ஏறும் காட்சி இல்லை. இரண்டு வீட்டாரும் என்னைச் சும்மா விடவில்லை. அண்ணன்தான் குறுக்கே வந்தார். "தாலிய ஊர்ல இருக்கற அத்தன போனும் எடுத்திருக்குதுங்க. என்ற புள்ள மூஞ்சிய இவரு ஒருத்தருதானுங்க எடுத்தாரு. இவரப் பேசாதீங்க."

அவரைப் பற்றி அழுதுகொண்டு எழுத வேண்டியதை இப்படிக் குதித்துக் குதித்து எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவரை எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை. தோற்றதைத் தெருவில் நின்று கொண்டாடும் அந்த மனசு எனக்கு வராது; ஆசை மட்டும் இருக்கிறது. என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது வேறொன்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீடியோவை எடுத்துக் கேட்டேன். என் காமிரா மைக் அன்று மிக்சருக்குப் பக்கத்தில் இருந்ததல்லவா? கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு குரல் கிடக்கிறது. "ஒண்ணுமில்ல சாமி... ஒண்ணுமில்ல... இதா முடிஞ்சுது சாமி..." மேடைக்கு எட்டாது என்று தெரிந்தும் அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன், எனக்கு அன்று கேட்கவில்லை.

சுகந்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிரபுவோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். மேளத்தின் நடுவே அவளுக்குப் பிடிபடாதோ என்று எனக்குக் கவலை. குரலை மட்டும் தனியாகப் பிரித்து, ஏற்றிக் கொடுக்க இப்போது வழியிருக்கிறது. அப்படிச் செய்து தரட்டுமா என்று கேட்டேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கெட்டிமேளம் முழுவதையும் கேட்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியபோதும் கழற்றவில்லை.

"நல்லாக் கேக்குதுங்க சித்தப்பா" என்றாள். "ஏத்த வேண்டாம்."